"எந்தத் தோட்டம்?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு



பதுளை டவுனில் வாடகை வீடு கேட்டு வருபவரிடம் நம்மில் பலர் முதலில் கேட்பது "எந்தத் தோட்டம்?" என்பதைத்தான். பசறை, நமுனுகுல என்று பதில் வந்தால் வீடு உடனே "பேசி முடிஞ்சிட்டு". மறுநாளும் அதே பலகை கேட்டில் தொங்கும்.

இவர்கள் நேற்று வந்தவர்களா? பாட்டன் பூட்டன் கோப்பிக் காலத்திலேயே இந்த மலைக்கு வந்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களை அந்நியர் என்றது. 2003இல் நாடே சட்டம் போட்டு அதைத் திருத்திவிட்டது. நாம் இன்னும் திருத்தவில்லை.

"லயம் இருக்கே, ஏன் டவுனுக்கு வாறாங்க?" என்றும் கேட்கிறோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு லயங்களை மூடியதைப் பார்த்த ஊவாக்காரர் கேட்கிற கேள்வியா இது?

வீடு கொடுப்பவர்களிலும் சிலர் ஒரு வருட அட்வான்ஸை வாங்கிக்கொண்டு துண்டு ரசீதுகூடக் கொடுப்பதில்லை. அதன் விளைவைப் பார்ப்பது ஆசிரியர்களாகிய நாங்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வதிவிட ஆவணம் கேட்டால் தகப்பன் வெறுங்கையோடு நிற்கிறார். வாடகை மட்டும் மாதம் தவறாமல் கட்டியிருப்பார்.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் கிடந்ததை ஒவ்வொரு ஒக்டோபரும் பேசுகிறோம். அப்படிப் பேசுகிற வாயால்தான் இங்கே "தோட்டத்து ஆள்களுக்குக் கொடுக்கமாட்டோம்" என்கிறோம்.

வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் வீட்டை மறைக்காதீர்கள். வாங்கும் காசுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள், அடுத்த வருட விண்ணப்பத்துக்கு முன்னரே.