ஐம்பது நாளின் கணக்கு

பூசை தொடங்கியதும் நெஞ்சில் தட்டி நாங்கள் சொல்லும் மன்றாட்டில் பாவத்தின் வழிகள் நாலு வருகின்றன: நினைத்தது, பேசியது, செய்தது, செய்யாமல் விட்டது. முதல் மூன்றையும் பெரிய கிழமையில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகுமுன் எப்படியும் தேடிப் பிடித்துவிடுகிறோம். கோபப்பட்டேன் சுவாமி, பொய் சொன்னேன் சுவாமி, பிள்ளைக்குக் கை நீட்டினேன் சுவாமி. செய்யாமல் விட்டது என்று நாங்கள் ஒத்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றைத்தான். அயலில் ஒருத்தி கடனில் மூழ்கியதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்லி முழங்காலில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் என்று எந்தக் குருவும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஊரைச் சுற்றிப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது.

தவக்காலத்தை நாங்கள் நன்றாகச் செய்கிறோம். இதில் அடக்கம் தேவையில்லை. சாம்பல் புதன் தொடக்கம் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. பசாம் படிக்கும் இரவுகளில் கிழவிகளின் குரல் உடைவது. இறைச்சி ஏறாத அடுப்பு. சில்லறை போட்டு நிறைக்கும் உண்டியல். பெரிய வெள்ளியன்று வெயிலில் நிற்கும் சனம். மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய பாடுகளின் நாடகங்களைப் பார்க்கச் சைவப் பெருமக்களும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். அழ வேண்டிய இடத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் அழுதோம்.

பிறகு பாஸ்கா இரவு. புது நெருப்பு, பாஸ்காத் திரி, மணி, அல்லேலூயா. மறுநாள் ஆட்டிறைச்சி. திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடுகிறது.

திருச்சபையின் நாட்காட்டியில் தவக்காலம் 40 நாள். உயிர்ப்புக் காலம் 50 நாள், தூய ஆவியின் பெருவிழா வரைக்கும். துக்கத்துக்கு விட்டதைவிடச் சந்தோசத்துக்குப் பத்து நாள் கூட. எங்கள் நாட்காட்டியிலோ அந்த ஐம்பது நாளை ஒட்டி வருடப்பிறப்பு, தவக்காலத்துக்காகத் தள்ளிவைத்த கலியாணங்கள், பெருநாளுக்கான காசு சேர்ப்பு, யூன் 13இல் பாசையூர் அந்தோனியார், அதற்குள் யூலை 2 மடுவுக்குப் போக வான் பேசுவது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நோன்புக்கு இருந்த ஒழுங்கு ஒன்று, இன்ன வெள்ளி இன்னது செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு, உயிர்த்த ஆண்டவருக்காக எங்களிடம் இல்லை. நாங்கள் ஆக்கவும் இல்லை.

ஏன் என்று யோசித்தால் யுத்தத்தில் போய் முட்டுகிறது. 1993 நவம்பர் 13 குருநகர் யாகப்பர் கோவிலில் குண்டு விழுந்தது. 1995 யூலை 9 நவாலி இராயப்பர் கோவிலில், ஓடிவந்து களைத்துப்போய் இருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். இப்படியான மண்ணில் பெரிய வெள்ளி தூரத்துக் கதையாக இருக்கவில்லை. சிலுவையில் தொங்கினவரைப் பார்த்து இவர் எங்கடை ஆள் என்று சொன்னோம். அது பொய்யும் இல்லை. அந்த நினைப்பு இல்லாவிட்டால் எங்களில் பலர் புத்தி பேதலித்திருப்போம்.

கெட்டது அதற்குப் பிறகு நடந்தது. பாடுகளின் நாடகத்தில் எங்களுக்கு ஒரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டோம், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம். பிலாத்துவாக நிற்க ஒருவரும் இல்லை. சேவல் கூவும்வரை நெருப்புக் காய்ந்த இராயப்பராக நிற்கவும் ஆள் இல்லை. முப்பது வருடமாக எல்லாரும் கிறிஸ்து. அடிபட்டவன் யாரையும் அடிக்கமாட்டான் என்ற நம்பிக்கையில் எங்களுக்குப் பக்கத்தில் யார் விழுந்து கிடக்கிறார் என்று குனிந்து பார்க்கவில்லை.

நினைவுகூர்வதில்கூட ஒரு வரிசை வைத்திருக்கிறோம். 2006 ஆகஸ்ட் 20 அல்லைப்பிட்டியில் காணாமற்போன பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுன் அடிகளாரை அறியாதவர் மறைமாவட்டத்தில் இல்லை. அன்று அவரோடு போய் அவரோடு காணாமற்போன விமலதாஸ் என்ற பொதுநிலையினரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? பெரும்பாலும் ‘உதவியாளர்’ என்பதோடு அவர் முடிந்துபோகிறார்.

உயிர்ப்புக் காலத்துப் பூசைகளில் நாள்தோறும் திருத்தூதர் பணிகள் நூலை வாசிக்கிறோம். இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை அதன் ஆறாம் அதிகாரம் வருகிறது. கிறிஸ்தவர்களுக்குள் எழுந்த முதல் முறைப்பாடுகளில் ஒன்று அதில் இருக்கிறது. கிரேக்கம் பேசுகிறவர்களின் கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு. யாரும் அவர்களைத் துரத்தவில்லை, ஏசவில்லை. பந்தியில் விடுபட்டுப் போனார்கள், அவ்வளவுதான். எங்கள் கோவில்களில் இந்த வாசகம் வரும் சனிக்கிழமைக் காலைப் பூசைக்கு ஒரு சிறு கூட்டம்தான் இருக்கும், பெரும்பாலும் வயதான பெண்கள், அவர்களில் பலர் கைம்பெண்கள். கேட்க வேண்டிய ஆட்கள் அந்த நேரம் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கொலா என்று அந்தப் பட்டியலில் உள்ள ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு சொன்ன பக்கத்தின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் அருட்பணிச் சபைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய கச்சேரி உத்தியோகத்தர், வங்கி முகாமையாளர், வெளிநாட்டுக் காசுக்குத் தொடர்பு வைத்திருப்பவர். நல்ல மனிதர்கள்தான். ஆனால் மீன் சந்தையில் குந்தியிருந்து விற்கும் பெண்ணோ, நண்டுக் கம்பனியில் சதை பிரிக்கும் பெண்ணோ அங்கே அபூர்வம். அவர்கள் கோவில் கூட்டுகிறார்கள், மாலை கட்டுகிறார்கள், பெருநாளுக்குச் சமைக்கிறார்கள். காசுக் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வாங்கில் இருப்பவர்களின் கணக்கு எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் நுண்கடன் விசயம். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. பிணைக்குக் காணி வேண்டாம், நகை வேண்டாம், ஒரு சில பெண்கள் சேர்ந்து குழுவாகக் கையெழுத்து வைத்தால் போதும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமையில் ஒரு நாள், ஒரு வீட்டு விறாந்தையில், பாய் விரித்துக் கூட்டம். ஒருத்தியின் காசு குறைந்தால் கூட்டம் முடியாது.

“அக்கா, உங்கடை ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுமட்டும் ஒருத்தரும் எழும்ப ஏலாது.”

சொல்லுகிற பெடியனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கழுத்துப்பட்டி, கையில் கோப்பு, ஏ.எல். முடித்து வேறு வேலை கிடைக்காமல் வந்தவன். அவனுக்கும் மேலே இலக்கு வைத்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான். பல இடங்களில் அவனும் எங்கள் பங்குப் பிள்ளை, பீடத்தில் உதவி செய்து வளர்ந்தவன். பாயில் இருப்பவர்களும் எங்கள் ஆட்கள். பின்னேரம் அன்பியத்தில் ஒன்றாகச் செபமாலை சொல்லும் அதே பெண்கள் காலையில் ஒருத்தியைச் சுற்றியிருந்து காசு கேட்டார்கள். முதல் கடனைக் கட்ட இரண்டாவது, அதைக் கட்ட மூன்றாவது, பிறகு தோடு அடைவுக்கு. சில வீடுகளில் கயிறு. அப்போது போய்ச் செத்த வீட்டில் செபம் சொன்னோம். தற்கொலை என்று காதுக்குள் கதைத்தோம்.

2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட இந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 30 வீதம் உச்சவரம்பு என்றும் சொன்னது. முப்பது வீதம் உச்சவரம்பு என்றால் அதற்கு முன்னம் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியதுதான். அரசாங்கம் அந்த நிலைக்கு வந்தது வீதிக்கு இறங்கிய பெண்களால். மறைமாவட்டத்தின் சமூக சேவைப் பிரிவும் சில கன்னியர் மடங்களும் முடிந்ததைச் செய்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பங்குகளாக நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் கோவில்களில் பெருநாள் மிச்சமும் கட்டட நிதியும் வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தன. கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் வந்த காசுக்கு வளைவு கட்டினோம், கோபுரத்தை உயர்த்தினோம், மாபிள் பதித்துப் பெயர் வெட்டினோம். அதில் ஒரு பங்கை எடுத்து, வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்து, அந்தப் பெண்களைப் பாயில் இருந்து எழுப்பிவிடலாம் என்ற யோசனை சில இடங்களில் வந்தது. திருப்பித் தருவினமோ என்ற கேள்வியோடு படுத்துவிட்டது. கோபுரம் திருப்பித் தராது என்று அப்போது ஒருவரும் எழும்பிச் சொல்லவில்லை.

சாதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒரே ஊரில் ஏன் இரண்டு கோவில், எந்தச் சேமக்காலையில் யாரைப் புதைப்பது, எந்த நாள் நவநாள் யாருடைய உபயம், கலியாணப் பேச்சில் ‘நாங்களும் வேதக்காரர்தான்’ என்பதற்குப் பிறகு வரும் மெதுவான விசாரிப்பு. உயிர்த்த உடலில் காயம் தெரியும்படி இருந்தது என்று தோமையாரின் கதையை வருடந்தோறும் கேட்கிறோம். எங்கள் சபையின் உடலில் இந்தக் காயத்தை மட்டும் வெள்ளை அடித்து மறைத்து வைத்திருக்கிறோம். அயலில் தேர் இழுக்கிறவர்களின் சாதிச் சண்டை பத்திரிகையில் வந்தால் அவர்களுக்குப் புத்தி சொல்லவும் தவறுவதில்லை.

கடலிலும் இதுதான். தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியாரிடம் இராமேஸ்வரத்து ஆட்களோடு ஒன்றாகப் பூசை காண்கிறோம். பிறகு அவர்களின் இழுவைமடி எங்கள் வலைகளை அறுக்கிறது. அதை உரத்துச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 2017இல் இழுவைமடிக்கு இலங்கையிலும் தடை வந்த பிறகு எங்கள் கரைகளிலேயே ஓடுகிற றோலர்களைப் பற்றிக் கதைத்தால் பங்குக்குள் சண்டை வரும் என்று வாயை மூடினோம்.

முஸ்லிம்களின் கதைக்கு வரும்போது வாய் இன்னும் இறுகுகிறது. 1990 ஒக்டோபர் 30, சோனகத் தெருச் சனத்தைப் புலிகள் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். பெரிய கோவிலில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். சிலர் அழுதோம், சிலர் திறப்பை வாங்கிப் பத்திரமாக வைத்தோம், பலர் படலைக்குள் நின்று பார்த்தோம். துவக்குக்கு முன்னால் என்ன பேச முடியும் என்பது நியாயமான கேள்வி. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30, நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மழையில் நடந்தோம். அந்த நடை எங்களுக்கு ஆயிரம் பாட்டையும் நாடகத்தையும் தந்தது. முந்தின நடையைப் பற்றி எத்தனை? துவக்குகள் போய்ச் சேர்ந்த பிறகும், திரும்பி வந்த குடும்பங்கள் கூரையில்லாத வீட்டில் தகரம் போட்டு இருந்தபோது, வெளிக்கிட்ட அன்று பேச முடியாததை இன்றைக்குப் பேசுகிறோம் என்று பங்காகச் சேர்ந்து அந்தத் தெருவுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் கோவில்களில் குண்டு வெடித்தது. அந்த வருடத்து ஐம்பது நாளும் எங்களுக்கு மறக்காது, பையைத் திறந்து காட்டிவிட்டுப் பூசைக்குப் போன ஐம்பது நாள். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் மேல் கல்லெறி நடக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். கல் எறியவில்லைத்தான். கடை மாற்றினோம். பழகின தையல்காரரிடம் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கினவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்து வாங்கு வெறுமையானது. பல வருடம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள் மறுபடியும் கண்ணைக் கீழே போட்டு நடந்தார்கள். நாங்கள் கறுப்புக் கொடி கட்டிச் செத்தவர்களுக்காகச் செபித்தோம், செபித்ததில் உண்மை இருந்தது.

அதற்கு முந்தின வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 1. மூன்று கிழமை கழித்து, ஏப்ரல் 23 காலை, இரணைதீவுச் சனம் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு கடற்படை இருந்த தங்கள் தீவுக்குப் போனது. 1992இல் எழுப்பப்பட்டவர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இரணைமாதாநகர்க் கரையில் இருந்து போராடிப் பார்த்துவிட்டு, அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்காமல், பெண்கள் முன்னால் நிற்கப் படகேறினார்கள். இறங்கியதும் இடிந்து கிடந்த கோவிலுக்குப் போய்ச் செபித்தார்கள். பிறகு பற்றை வெட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் பெரிய இறையியல் ஒன்றும் படித்தவர்கள் இல்லை. எங்கள் மறைமாவட்டத்து ஆட்கள்தான், அதே பசாம் படிப்பவர்கள். குடாநாட்டில் இருந்து நாங்கள் படம் பார்த்தோம், பகிர்ந்தோம், சிலர் ஒரு நாள் போய் இருந்துவிட்டு வந்தோம். தீவில் தண்ணி எப்படி, பிள்ளைகளின் படிப்பு எப்படி, இரவில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று அடுத்த வருடம் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்.

இப்போது இன்னும் ஒரு உயிர்ப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அருட்பணிச் சபைகள் கூடுகிற மாதம். நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கும் என்று சொல்லப் பெரிய ஞானம் தேவையில்லை: சென்ற கூட்ட அறிக்கை, பெருநாள் நோட்டீஸ், கொடியேற்றத்துக்கு யார், பந்தலும் ஒலிபெருக்கியும், வாணவேடிக்கை வேண்டுமா, கோபுர வேலையின் மிச்சக் காசு. கடைசியில் ‘வேறு விடயங்கள்’. அதற்குள் மணி எட்டாகிவிடும், நுளம்பு கடிக்கும், சுவாமி மணிக்கூட்டைப் பார்ப்பார். இந்த முறை அந்தக் கடைசி விடயத்தை முதலாவதாக எடுங்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும். கடைசி வாங்கில் இருக்கும் பெண் ஒருத்தியை முன்னுக்குக் கூப்பிட்டு, நிலையான வைப்பில் எவ்வளவு கிடக்கிறது என்று அவவுக்குக் கேட்கும்படி வாசிக்கவும் ஒருவர் வேண்டும்.