மூச்சு இரைக்கும் குழந்தை
ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியும் அபூர்வ வியாதி

கைக்குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது. சளியாக இருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சளிதான், அல்லது நிமோனியா. ஆனால், நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாமலே சில குழந்தைகளுக்கு மூச்சு இரைப்பது உண்டு. உடலில் ஒரு வைட்டமின் தங்காததும் அதற்குக் காரணமாகலாம்!

அந்த வைட்டமினுக்குப் பயோட்டின் என்று பெயர். முட்டை, ஈரல், நிலக்கடலை ஆகியவற்றில் அது இருக்கிறது. உணவில் உள்ள பயோட்டினைப் பிரித்து எடுப்பதற்கு நம் உடலில் ஓர் என்சைம் உண்டு. பயன்பட்ட பயோட்டினை மீண்டும் பயன்படச் செய்வதும் அதுவே. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த என்சைம் இருப்பதில்லை.

மூச்சு ஏன் இரைக்கிறது?

பயோட்டின் குறைந்தால் ரத்தத்தில் அமிலம் சேருகிறது. அதைக் குறைக்க, உடல் மூச்சை வேகமாக விட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. சில குழந்தைகளுக்கு மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். சிலருக்கு மூச்சு நின்று நின்று வரும். வலிப்பு, தோலில் தடிப்பு, முடி உதிர்தல், உடல் துவளுதல் ஆகியவையும் சேரலாம்.

மருந்து என்ன? அதே பயோட்டின்தான்! தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் வரை, ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். மூச்சும் வலிப்பும் சீராகும். ஆனால், தாமதித்தால் போன காது கேட்காது. போன பார்வையும் திரும்புவது அரிது.

வர்ஜீனியா காட்டிய வழி

இந்த என்சைம் குறையை 1983-ல் அமெரிக்க டாக்டர் பாரி உல்ப் குழுவினர் கண்டறிந்து வெளியிட்டார்கள். 1984-ல் வர்ஜீனியா மாநிலத்தில், பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் இரண்டு குழந்தைகளுக்கு இந்தக் குறை தெரிந்தது. இன்று அமெரிக்கா முழுவதும் இந்தச் சோதனை நடக்கிறது.

இரண்டு குழந்தைகளுக்காக இத்தனை பேரைச் சோதிப்பதா என்று கேட்கலாம். மூச்சு இரைத்த பிறகு தேடினால் காலம் கடந்துவிடலாம். முன்பே தெரிந்தால் ஒரு மாத்திரை போதும்!

தாய், தந்தை இருவரிடமும் இந்தக் குறையின் கூறு மறைந்திருந்தால்தான் குழந்தைக்கு வியாதி வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் அந்த வாய்ப்பு அதிகம். நம் ஊர்ப் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைக்கு மூச்சு இரைத்தால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். நீங்களாக வைட்டமின் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சளி மருந்துக்குக் கேட்காமல் வலிப்பும் தடிப்பும் சேர்ந்தால், "பயோட்டின் சோதனை தேவையா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி குழந்தையின் காதையும் கண்ணையும் காப்பாற்றலாம்.