தேர்ந்தெடுக்கும் கண்

விளையாட்டிலே வென்றவரைப் புகழ்வது உலக வழக்கம். வெல்லக்கூடியவரை, அவர் வெல்லுமுன்னரே கண்டுகொண்டவரைப் புகழ்வோர் மிகச் சிலரே. இவ்விரண்டாம் வகையினரின் திறமையை உலகறியக் காட்டும் ஏற்பாடு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனை அங்குள்ளோர் ‘டிராப்ட்’ என்பர்.

அமெரிக்கர் ‘புட்போல்’ என வழங்குவது நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரியை மறித்து வீழ்த்துவதுமாக, றகர் ஆட்டத்துக்கு உறவான ஆட்டம் அது. அதன் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் கூடி, கல்லூரிகளிலே ஆடிய இளைஞரை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. முந்திய ஆண்டில் கடைநிலை எய்திய கழகம் முதலில் தெரிவு செய்யும். வாகை சூடிய கழகம் இறுதியில் தெரிவு செய்யும். செல்வம் மிக்க கழகங்களே நல்லாட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொண்டால் ஏனையவை நலிந்துவிடும் என்று கருதிய பேட் பெல் என்பாரின் யோசனைப்படி, 1936ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் இம்முறை தொடங்கிற்று. அவ்வாண்டு முதல்வராகத் தெரிவு செய்யப்பெற்ற ஜே பேர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடவில்லை. முதலிடம் கிடைப்பது வேறு, பயன் கிடைப்பது வேறு என்பது அன்றே தெளிவாயிற்று.

இத்தெரிவின் நன்மை தீமை இரண்டையும் அறிய, பிற்ஸ்பேர்க் நகரத்து ஸ்டீலர்ஸ் கழகத்தின் வரலாறு ஒன்றே போதும். ஆட் றூனி என்பவர் 1933இல் நிறுவிய இக்கழகம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தோல்வியிலேயே காலங்கழித்தது. 1955இல் அந்நகரத்திலேயே பிறந்த ஜோனி யுனைற்றஸ் என்ற இளைஞரை ஒன்பதாம் சுற்றில் தெரிவு செய்தும், ஆடுவதற்கு வாய்ப்பளியாமலே அவரை அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு பால்ற்றிமோர் கழகத்திலே சேர்ந்த அவர், 1958, 1959 ஆகிய ஈராண்டுகளிலும் அக்கழகத்துக்கு வாகை சூட்டினார். கையிலே கிடைத்த மணியைக் கூழாங்கல்லென எறிந்தவாறாயிற்று.

1969இல் சக் நோல் பயிற்றுநரானார். அவர் முதலிலே தெரிவு செய்தவர் ஜோ கிறீன். யார் இந்த ஜோ கிறீன் என்று நகரத்தார் வினவினர். அவ்வாண்டு ஓர் ஆட்டத்தில் வென்று பதின்மூன்றில் தோற்றது கழகம். நோல் மனந்தளர்ந்திலர். ஆட்டக்காரரை விலைகொடுத்துச் சேர்ப்பதைவிட, இளைஞரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவதே வழியென உறுதிகொண்டார்.

அவ்வுறுதியின் பெரும்பயன் 1974இல் விளைந்தது. முதற் சுற்றில் லின் சுவான். இரண்டாம் சுற்றில், உயரத்துக்கேற்ற உடற்பருமன் இல்லாதவரென மற்றோர் ஐயுற்ற ஜாக் லம்பேட். நான்காம் சுற்றில் ஜோன் ஸ்டோல்வேத். ஐந்தாம் சுற்றில், 125ஆவது ஆளாக, மைக் வெப்ஸ்டர். இந்நால்வரும் பிற்காலத்தில் கான்டன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே ஆண்டில் இத்தகைய நால்வரைத் தெரிவு செய்த கழகம் வேறில்லை. எக்கழகமும் தெரிவு செய்யாது விட்ட டொனி ஷெல் என்பவரையும் அவ்வாண்டே ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொண்டது. அவரும் அம்மண்டபத்தை அடைந்தார். 1975 முதல் 1980 வரையுள்ள காலத்தில் இக்கழகம் நான்கு முறை ‘சுப்பர் போல்’ வாகையைச் சூடிற்று.

இது வெறும் நற்பேறா? அன்று. இதன் பின்னணியில் பில் நன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் இருந்தார். நிறவேற்றுமை காரணமாகத் தனித்து இயங்கிய கறுப்பினக் கல்லூரிகளைப் பெரும்பாலான கழகங்கள் ஏறிட்டும் பார்த்தில. ‘பிற்ஸ்பேர்க் கூறியர்’ பத்திரிகைக்காக அக்கல்லூரிகளின் ஆட்டங்களை ஆண்டுக்கணக்காகக் கண்டுவந்த நன், 1960களின் பிற்பகுதியில் ஸ்டீலர்ஸுக்கு ஆள் தேடித்தரும் பணியை ஏற்றார். ஸ்டோல்வேத்தின் வேகத்தை ஈரத்தரையிலே அளந்த பிற கழகத்தார், வேகம் போதாதென எண்ணித் திரும்பினராம். நன் மட்டும் உடல்நலமில்லை எனக் கூறித் தங்கி, மறுபடியும் நல்ல தரையில் ஓடவிட்டு அளந்தார் என்பர். ஒருநாள் அதிகமாகத் தங்கிய பொறுமையன்றோ அவரது திறமை!

ஆயினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. மைக் வெப்ஸ்டர் பதினைந்து பருவங்கள் அக்கழகத்தின் நடுத்தூணாக நின்று ஆடினார். எண்ணற்ற முறை தலை மோதுண்டதால் அவரது மூளை சிதைந்தது. நினைவும் நிலையும் தடுமாறி, சிலகாலம் தங்குவதற்கு வீடுமின்றித் தமது வண்டியிலேயே உறங்கிய அவர், 2002இல் தமது ஐம்பதாவது வயதிலே மறைந்தார். அவரது மூளையை ஆராய்ந்து அந்நோயைக் கண்ட நைஜீரிய நாட்டு மருத்துவர் பெனற் ஒமாலு 2005இல் தம் முடிவை வெளியிட்டார். அதன் பின்னரே அவ்விளையாட்டின் தலைவர்கள் தங்கள் பொறுப்பை எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று. மிகச் சிறந்த தெரிவு எனக் கழகம் கொண்டாடிய ஒருவரே, அத்தெரிவுக்கு மிகப் பெரிய விலையையும் கொடுத்தார்.

மாணவர்களே, 125ஆவதாக அழைக்கப்பெற்றவனும் அழைக்கப்பெறாதவனும் புகழ்மண்டபம் புகுந்ததை மனத்திற் கொள்ளுங்கள். பிறர் இட்ட வரிசை உங்கள் முடிவன்று. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பிறரைத் தெரிந்தெடுக்கும் நிலையிலுள்ள யாவர்க்கும் ஒன்று சொல்லலாம். ஈரத்தரையிலே ஒருமுறை அளந்துவிட்டுத் தீர்ப்புக் கூறாதிருங்கள். தெரிந்தெடுத்த பின்னர், அவனது வலிமை உள்ளவரையில் மட்டுமன்றி, அது தளர்ந்த நாளிலும் அவனைக் கைவிடாதிருங்கள்.