தராசு வேண்டும், தடைச்சுவர் வேண்டாம்

1983ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் திருகோணமலை மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல, உயிரொன்றையே உடைமையாகக் கொண்டு தமிழகத்துக்குக் கடல் கடந்தன. அகதி முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே கற்றனர், பட்டமும் பெற்றனர். 2009இல் போர் ஓய்ந்தபின் ஊர் மீண்டோர் முன் காணிப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக எழுந்த வினா ஒன்றுண்டு. அங்கே பெற்ற கல்விக்கு இங்கே மதிப்பென்ன? இயன்மருத்துவப் பட்டதாரிக்கு இவ்வினா வாழ்வாதார வினா. நோயாளிக்கோ எழுந்து நடப்போமா என்னும் வினா.

பாரிசவாதத்தால் விழுந்த கமக்காரனின் கைகால்களை உரிய காலத்தில் பயிற்றாவிடின் அவை இறுகிப்போகும். கண்ணிவெடியில் காலிழந்தவனுக்குச் செயற்கைக் காலைப் பொருத்தினால் மட்டும் போதாது. எஞ்சிய காலை முன்னரே வலுப்படுத்தி, பின்னர் நடை பழக்கவேண்டும். மூதூரிலும் தம்பலகாமத்திலும் உள்ள ஏழைக்கு இப்பணியின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை மருத்துவச் சபையே இயன்மருத்துவர்களையும் பதிவு செய்கின்றது. அப்பதிவு வேண்டியதே. நோயாளியின் உடல் தகுதியற்றவனின் பரிசோதனைக் களமன்று. தரத்தைத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. தரத்தை அளந்து பாருங்கள் என்றே கேட்கிறோம்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இயன்மருத்துவ இளமாணிப் படிப்பு, நான்கு ஆண்டுக் கல்வியும் ஆறு மாத உள்ளகப் பயிற்சியும் கொண்டதாகப் பல்லாண்டு நடைபெற்றது. ஆனால், இத்தொழிலை இந்தியா முழுவதற்கும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல்தான் பிறந்தது. அதற்கு முன் படித்தவரிடம் இந்தியத் தேசியப் பதிவுச் சான்றிதழை எவரேனும் கேட்பாராயின், அது வெட்டாத கிணற்றில் நீர் இறைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பிற நாடுகளைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு இயன்மருத்துவரின் ஆவணங்களை ஆராய்கின்றனர். எழுத்துத் தேர்வு வைக்கின்றனர். பின்னர் செய்முறைத் திறனைச் சோதிக்கின்றனர். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமோ, தொழிற்பதிவு ஒளிவுமறைவின்றியும் பாரபட்சமின்றியும் நடைபெறவேண்டுமென 2006இல் சட்டமே இயற்றியது.

நாம் கேட்பவை நான்கு. பட்டத்தில் குறையுண்டாயின் அது யாதென எழுத்தில் கூறவேண்டும். அக்குறையை அரச வைத்தியசாலையொன்றில் மேற்பார்வையின்கீழ் நிரப்ப வாய்ப்பளிக்கவேண்டும். முடிவுக்குக் காலவரையறை வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை வேண்டும். காரணம் கூறாத மறுப்பு, தீர்ப்பு ஆகாது. இயற்கை நீதியின் அரிச்சுவடி அதுவே.

தாயகம் திரும்ப எண்ணும் பட்டதாரிகளுக்கும் ஒரு சொல். பாடத்திட்டம், புள்ளி விபரம், பயிற்சி மணிநேரச் சான்று ஆகிய அனைத்தையும் பல்கலைக்கழக முத்திரையுடன் பெற்ற பின்னரே புறப்படுங்கள். கடல் கடந்தபின் ஒரு கடதாசிக்காக அலைவது பெருந்துன்பம்.

எமது மக்கள் பிரதிநிதிகள் இதனைப் பாராளுமன்றத்தில் எழுப்புவார்களாக! எமது பிள்ளைகள் சலுகை கேட்கவில்லை. தராசை நீட்டுங்கள், எடைக்கு அவர்கள் அஞ்சார்.