வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆள்

உங்கள் வீட்டில் எத்தனை வொய்ஸ்மெயில் பெட்டிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் கைத்தொலைபேசிக்கு ஒன்று. அப்பாவின் கைத்தொலைபேசிக்கு ஒன்று. இணைய வழியாக வரும் வீட்டுப் போனுக்கு அந்த நிறுவனமே கொடுத்த ஒன்று. பழைய பதிவு இயந்திரம் இன்னும் மூலையில் செருகியபடி இருந்தால் அதுவும் ஒன்று. இவற்றில் எத்தனைக்குக் கடவு இலக்கம் உங்களுக்குத் தெரியும்? கடைசியாக யார், எப்போது கேட்டார்கள்?

நான் சொல்ல வருவது இதுதான். அம்மா அப்பாவுக்கு வந்து யாரும் எடுக்காத அழைப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில் போய் விழ வேண்டும். அதை அமைத்துக் கொடுப்பது பிள்ளைகளாகிய நம்முடைய வேலை. ஆனால் பெட்டியை ஒன்றாக்கினால் மட்டும் போதாது, அதைக் கேட்பதற்கு இன்னார் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

நான் இருக்கும் பிரித்தானியாவில் இது இப்போதே பார்க்கவேண்டிய விடயம். செப்புக் கம்பியில் ஓடிய பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தது, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு பழைய வகை இணைப்பைப் புதிதாக விற்பதே இல்லை. ஆகவே ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர் வீடுகளில் அதே போன், அதே இலக்கம் இருக்கிறது, ஆனால் வயர் மட்டும் சுவரைவிட்டு ரவுட்டரின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. மாற்ற வந்தவர்கள் போன் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். எடுக்காத அழைப்பு எங்கே போகும் என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் பெரியவர்கள் வொய்ஸ்மெயிலில் செய்தி விடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா எடுப்பா, எடுக்கவில்லை என்றால் வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பா. என் அம்மம்மாவுக்கு முதன்முதலாக வொய்ஸ்மெயில் கேட்டபோது, "ஆரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்துக் கதைக்கிறா பிள்ளை" என்று பயந்து வைத்துவிட்டா. அப்படியென்றால் அந்தப் பெட்டியில் யார்தான் பேசுகிறார்கள்? வைத்தியசாலை, மருந்துக்கடை, கவுன்சில், பள்ளிக்கூடம், வங்கி. எல்லாம் ஆங்கிலத்தில், வேகமாக, ஒரு இலக்கத்தை ஒரேயொரு தரம் சொல்லிவிட்டு வைப்பவர்கள். நம் பெற்றோர் கேட்கத் தயங்கும் குரல்களும், தவறவிடக்கூடாத செய்திகளும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன.

இலக்கம் மறைத்து வரும் அழைப்பை அம்மா எடுக்கமாட்டா. எடுக்கவேண்டாம் என்று அவவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான், மோசடிக்காரர்களுக்குப் பயந்து. வைத்தியசாலைகளில் இருந்து வரும் அழைப்புகளும் பெரும்பாலும் இலக்கம் மறைத்தே வருகின்றன. அதனால் அவை நேரே பெட்டிக்குப் போகின்றன.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்பா கற்றராக் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தார். யாரோ ஒருவர் வராததால் வியாழக்கிழமை ஓர் இடம் காலியாக இருக்கிறது, நாளை மதியத்துக்கு முன் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று வைத்தியசாலைத் தாதி ஒருவர் வீட்டுப் போனில் செய்தி விட்டிருந்தார். அந்தச் செய்தியைக் கேட்டது பதினொரு நாளுக்குப் பிறகு, அதுவும் தற்செயலாக. அப்பாவுக்கு அடுத்த இடம் கிடைக்க இன்னும் நாலு மாதம் போனது. அந்த நாலு மாதமும் இரவில் அவர் கார் ஓட்டவில்லை, பேப்பரை முகத்தோடு ஒட்டிவைத்துப் படித்தார். அவருடைய கைத்தொலைபேசிக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், பதிவில் முதலாவதாக இருந்தது வீட்டு இலக்கம். புதிய செய்தி இருக்கிறது என்று வீட்டுப் போன் சொல்லாமலும் இல்லை. றிசீவரைத் தூக்கினால் வழக்கமான ஒலிக்குப் பதிலாக விட்டுவிட்டு ஒலிக்கும். ஆனால் அந்த றிசீவரைத் தூக்கி யாரும் இப்போது எவருக்கும் அடிப்பதில்லையே! வெளியே கூப்பிடுவது எல்லாம் கைத்தொலைபேசியில்தான்.

சரி, எப்படி ஒன்றாக்குவது? இணையத் தொலைபேசி நிறுவனங்கள் பலவும் இதைத் தருகின்றன: ஓர் இலக்கம், அது அடித்தால் நாலு போன் ஒன்றாக அடிக்கும், யாரும் எடுக்காவிட்டால் ஒரு பெட்டி. கேட்க மிக எளிது. ஆனால் இதை அமைப்பவர்களில் பாதிப்பேர் ஒரே இடத்தில் தடுக்கிவிழுகிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு இலக்கத்துக்கு அழைப்பு வருகிறது. வீட்டுப் போன், அம்மாவின் கைத்தொலைபேசி, அப்பாவினது, உங்களுடையது, எல்லாம் அடிக்கின்றன. அப்பா போனை நிறுத்திவைத்திருக்கிறார். நிறுத்திவைத்த போனுக்குப் போகும் அழைப்பை அவருடைய நிறுவனத்தின் வொய்ஸ்மெயில் உடனே எடுத்துவிடும். இணையத் தொலைபேசியின் கணினிக்கு மனிதர் எடுத்தாலும் இயந்திரம் எடுத்தாலும் வரும் சமிக்ஞை ஒன்றுதான்: "எடுத்தாயிற்று". உடனே அது மற்றப் போன்களை எல்லாம் நிறுத்திவிடும். வீட்டில் அம்மாவுக்குப் போன் ஒரு தரம் அடித்து நின்றுவிடும். அழைத்தவர் அப்பாவின் தனிப் பெட்டியில் செய்தி விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். நீங்கள் அமைத்த பொதுப் பெட்டி வெறுமையாகவே இருக்கும். எல்லாம் நன்றாக வேலை செய்வதாக நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கைத்தொலைபேசியின் சொந்த வொய்ஸ்மெயிலை நிறுத்திவிடலாம். அநேக நிறுவனங்களில் ##004# என்று அடித்து அழைப்பு பட்டனை அழுத்தினால் போதும். அல்லது, எடுத்தவர் 1ஐ அழுத்தினால்தான் அழைப்பு இணையும் என்று அமைக்கலாம், இயந்திரம் 1ஐ அழுத்தாது. மூன்றாவது, கைத்தொலைபேசி இலக்கத்துக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் செயலியை அந்தப் போனில் போட்டு அதற்கு அனுப்பலாம். செயலி நின்றிருந்தால் அது எடுக்காது, அவ்வளவுதான். அம்மா அப்பாவுக்கு நான் சொல்வது முதலாவது வழி. ஒவ்வொரு தரமும் 1ஐ அழுத்து என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், பிறகு உங்களுக்கே விளங்கும்.

அவர்களின் கைத்தொலைபேசிக்கு நேரடியாக வரும் அழைப்புகளையும் அதே பெட்டிக்கு அனுப்ப, **004* என்று அடித்து, பெட்டியின் இலக்கத்தையும் கடைசியில் # ஐயும் சேர்க்க வேண்டும். எடுக்காவிட்டால், வேறு அழைப்பில் இருந்தால், போன் எட்டாத இடத்தில் இருந்தால் என்று மூன்று நிலைக்கும் இது பொருந்தும். இங்கே கவனிக்கவேண்டியது, வீட்டு இலக்கத்துக்குத் திருப்பாதீர்கள், பெட்டிக்கென்று உள்ள தனி இலக்கத்துக்குத் திருப்புங்கள். வீட்டு இலக்கம் கைத்தொலைபேசிக்கு அடிக்க, கைத்தொலைபேசி வீட்டுக்குத் திருப்ப, அழைப்பு வட்டமடிக்கத் தொடங்கிவிடும். திருப்பிய நிமிடங்களுக்குக் காசு உண்டா என்று உங்கள் திட்டத்தையும் ஒருதரம் பாருங்கள்.

இன்னொன்று. திருப்பி வந்த அழைப்பு முதலில் யாருக்காக வந்தது என்ற தகவல் ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தொலைந்துபோவது உண்டு. "திரும்ப அழையுங்கள்" என்று ஒரு குரல், அது அம்மாவுக்கா அப்பாவுக்கா? பெட்டிக்கு இரண்டு இலக்கம் வாங்கி, அம்மாவின் போனை ஒன்றுக்கும் அப்பாவின் போனை மற்றதுக்கும் திருப்பினால் அந்தக் குழப்பம் இல்லை.

ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை என்றால் இணையப் போனும் இல்லை. ஆனால் இணைப்பு எட்டாத நேரத்துக்கும் பெட்டியைக் குறித்துவைத்தால், பெட்டி நிறுவனத்தின் கணினியில் இருப்பதால் அப்போது வந்த அழைப்பும் பதிவாகும். மூலையில் இருக்கும் பதிவு இயந்திரத்தை எறியலாம்.

இனி ஆளைப் பற்றி. நான் வேலைக்காக அலுவலகங்களுக்கு இந்த மாதிரி அமைப்புகளைச் செய்து கொடுப்பவள். அங்கே அடிக்கடி காண்பது ஒன்றுதான்: எல்லாருக்கும் பொதுவான பெட்டி யாருக்கும் சொந்தமில்லாத பெட்டியாகிவிடும். புதிய செய்தி என்று எட்டுப் பேருக்கு மின்னஞ்சல் போகும், எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரில் ஒருவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். தனித்தனிப் பெட்டியாக இருந்தபோதாவது குற்றம் சொல்ல ஓர் ஆள் இருந்தார். வீட்டிலும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு. வீட்டில் அந்த ஆள் யார் என்று பேசாமலே முடிவாகியிருக்கும். பெரும்பாலும் மூத்த மகள். பத்து வயதில் கடிதங்களை மொழிபெயர்த்தவள், பதினைந்தில் வைத்தியரிடம் கூடப்போனவள், இப்போது பெட்டியும் அவளுடையது. அண்ணாமார், தம்பிமார் கொஞ்சம் கவனியுங்கள். வார நாட்களில் ஒருவர், சனி ஞாயிறில் இன்னொருவர் என்று பெயர் போட்டு குடும்பக் குழுவில் எழுதிவையுங்கள். கேட்டவர் "கேட்டாச்சு, நாளைக்கு 10 மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் பெட்டியில் அம்மாவின் பரிசோதனை முடிவைப் பற்றி வைத்தியர் பேசினால்? மான்செஸ்டரில் இருக்கும் மகன் பஸ்ஸில் இருந்து அதைக் கேட்டபிறகுதான் அம்மாவுக்குத் தெரியவேண்டுமா? அதனால் இதை அம்மா அப்பாவிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். சம்மதித்தால், குரல் பதிவை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் வசதியை நிறுத்திவையுங்கள். எந்த இலக்கம், எத்தனை மணிக்கு என்ற அறிவித்தல் மட்டும் வரட்டும், குரல் பெட்டியிலேயே இருக்கட்டும், முடிந்தவரை அம்மாவோடு இருந்து கேளுங்கள். மின்னஞ்சல் போனதும் பெட்டியில் இருந்து அழித்துவிடு என்றும் சில சேவைகளில் ஒரு தெரிவு இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

கடவு இலக்கம் 0000, 1234 என்று வைப்பவர்களுக்கு: 2011 ஜூலையில் நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் பத்திரிகை மூடப்பட்டதற்குக் காரணமே பிறருடைய வொய்ஸ்மெயிலை ஒட்டுக்கேட்டதுதான். நிறுவனம் கொடுத்த ஆரம்ப இலக்கத்தை மாற்றாமல் விட்டவர்களின் பெட்டிகள் அவர்களுக்கு எளிதாகத் திறந்தன. செய்தியில் வங்கி என்று சொல்லி ஓர் இலக்கம் தந்தால் அதற்குக் கூப்பிடவேண்டாம், அட்டையின் பின்புறத்தில் இருக்கும் இலக்கத்துக்குக் கூப்பிடுங்கள்.

உங்களுடைய சொந்தக் கைத்தொலைபேசியின் வொய்ஸ்மெயிலை இதில் சேர்க்கவேண்டாம். உங்களுக்கு யார் செய்தி விடுகிறார்கள் என்று குடும்பம் முழுவதும் கேட்கத் தேவையில்லை.

பெட்டியின் வரவேற்புச் செய்தியை அம்மாவின் குரலிலேயே பதியுங்கள். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், குடும்பப் பெயரோடு. பெயர் கேட்டால் வைத்தியசாலைக்காரர் சரியான வீடுதான் என்று அறிவார்கள். தமிழ் கேட்டால் பெரியம்மா வைக்கமாட்டா. வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வரும் அழைப்புகள் இந்தப் பெட்டிக்குள் வராது, அவற்றை வெளியே திருப்ப வழியில்லை. யாழ்ப்பாணத்து அழைப்புகளில் பெரும்பங்கு அவற்றில்தான் வருகிறது என்பதும் தெரியும். ஆனால் பெரியம்மா திரும்ப எடுப்பா. வைத்தியசாலை எடுக்காது.