பருப்புத் தண்ணி சோறாகாது

விருத்தாசலம் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியானாலும் சென்னையானாலும், ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு முதலில் என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணியை இறுத்து ஊட்டு. பருப்பின் சத்தெல்லாம் தண்ணியில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. அப்படி இறங்குவதில்லை. புரதமும் மாவுச்சத்தும் பெரும்பாலும் அடியில் தங்கும் பருப்பிலேயே நிற்கின்றன. தெளிவோடு வருவது நிறமும் வாசனையும் கொஞ்சம் கரைசலும்தான். அந்தப் பருப்பைச் சாம்பாருக்கு ஒதுக்கிவிட்டு, அது வெந்த தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். கஞ்சித் தண்ணியின் கதையும் இதுவே.

இதை வெறும் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. கணக்குப் போட்டால் கேடு தெரியும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி இருக்கிறது. பருப்புத் தெளிவு அதன் அருகில்கூட வராது. பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதோ கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி. ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு டம்ளர். அந்த இடத்தைத் தண்ணியால் நிரப்பினால், புது உணவும் சேராது, குடித்திருக்க வேண்டிய பாலும் குறையும். ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு 200 கலோரி அளவுக்கு வெளி உணவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலோரியைவிட அவசரமானது இரும்புச்சத்து. கருவிலிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாத வாக்கில் கரையத் தொடங்குகிறது, தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணம் பல. தெளிவு ஊட்டும் வழக்கத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் இரும்பு தேவைப்படும் மாதங்களில் தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சாப்பாடு கொடுத்ததாக நினைத்துக்கொள்வது அதற்குத் துணைபோகிறது.

கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது, பல்லே முளைக்காத பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும் என்பார்கள். சிக்குவது கட்டியும் முழுப் பருப்பும். நன்றாக மசித்தது சிக்காது. பல் இல்லாவிட்டாலும் ஈறு மசிக்கும். வெந்த அரிசியையும் பருப்பையும் செரிக்க ஆறு மாதக் குடல் தயாராகவே இருக்கிறது. கூழ் கெட்டிப்பட்டுப் பிள்ளை விழுங்கச் சிரமப்படுகிறது என்பது மட்டும் நியாயமான குறை. அதற்கும் தண்ணி தீர்வல்ல. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் அச்சில் ஊற்றும் களிமண் குழம்பு கெட்டியாக இருந்தால் தண்ணியைக் கொட்டிக்கொண்டே போகமாட்டார்கள், பொம்மை நிற்காது. சோடியம் சிலிகேட் கொஞ்சம் கலந்தால் மண்ணின் அளவு குறையாமலே குழம்பு இளகி ஓடும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு கூழில் செய்வதும் அதையே. முளைப்பில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. இளஞ்சூட்டில் இருக்கும் கூழில் ஒரு சிட்டிகை கலந்தால், சத்து குறையாமல் கூழ் இளகும். 1980-களில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் ஆராய்ந்து எழுதியது இது. முளைகட்டுவது நம் பாட்டிகளுக்கு அதற்கு முன்பே கைவந்த கலை.

பாட்டிகளை இழுத்துவிட்டோம், அவர்கள் பேரைச் சொல்லித்தானே வாதமும் வருகிறது, இப்படித்தான் எங்களை வளர்த்தார்கள் என்று. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதைக் காணவில்லை. 2020-இல் அது 13. பிழைத்தவர்கள் வந்து சாட்சி சொல்கிறார்கள், மற்றவர்கள் சொல்ல முடியாது. உணவு ஒன்றே காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் பிழைத்திருப்பது முறைக்குச் சான்றாகாது. தவிர, மரபே தெளிவை ஆதரிக்கவில்லை. சோறூட்டும் சடங்கில் பிள்ளை வாயில் வைப்பது சோறு அல்லது பாயசம். வடித்த தண்ணி அல்ல. அரசும் தெளிவை நம்பவில்லை. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். இன்று அங்கன்வாடி தருவதும் சத்துமாவுதான்.

வசதியில்லாத வீட்டில் வேறு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பதில் மிக எளிது. பருப்பு ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறது. இறுப்பதை நிறுத்தினால் போதும். கடலைக்கும் தூரம் போகவேண்டாம்: வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்களை வெளியிட்ட ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. கடலையை வறுத்து நைஸாகப் பொடித்துக் கூழில் கலக்கலாம், முழுக் கடலை மட்டும் ஆகாது. அலர்ஜி வரும் என்று கடலையைத் தள்ளிப்போடுவதை 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு தலைகீழாக்கியது: சீக்கிரம் தொடங்கிய குழந்தைகளுக்கே ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. தோலில் கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கும், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றபடி, அடுத்த வேளை ஊட்டும்போது கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். முளைகட்டிய மாவு கலக்காமலே ஒழுகி ஓடினால் அது பிள்ளைக்குச் சாப்பாடு அல்ல. இன்னும் கொஞ்சம் பருப்பை மசித்துச் சேருங்கள்.