மேளம் கொட்டியவருக்கு இலை போட்டீர்களா?

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

புரோகிதர் கையை உயர்த்திக் குரல் கொடுக்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அதுவரை மெல்ல ஒலித்துக்கொண்டிருந்த நாதசுரம் சட்டென்று மேலே ஏறுகிறது. தவில் இடிபோல முழங்குகிறது. எல்லோரும் அட்சதை தூவுகிறார்கள். பெண்ணைப் பெற்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

தாலி ஏறும் வேளையில் தும்மல் ஒலியோ வேண்டாத சொல்லோ மணமக்கள் காதில் விழக் கூடாது. அதற்காகத்தான் கெட்டிமேளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் நல்ல நேரத்துக்குக் காவல் நிற்பவர்கள் நாதசுரக்காரரும் தவில்காரரும்தான்.

சரி, தாலி ஏறிவிட்டது. அதன் பிறகு அவர்களை யார் கவனிக்கிறார்கள்?

எங்கள் வீட்டுக் கதை

ஊரைக் குறை சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பிலிருந்தே மேளம். மறுநாள் விடியற்காலை, நாங்கள் கண் விழிக்குமுன் மண்டப வாசலில் நாதசுரம் ஒலித்தது. முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் பந்திக்கு ஓடினோம்.

பிற்பகல் மூன்று மணி. மண்டபத்தைக் காலி செய்துகொண்டிருந்தோம். வாசல் திண்ணையில் நாதசுரக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாதசுரம் உறைக்குள் போய் அவர் மடியில் கிடந்தது.

"சாப்பிட்டாச்சா ஐயா?" என்று கேட்டேன்.

"பந்தி முடியட்டும்னு இருந்தோம் தம்பி. அப்புறம் சாப்பாடு ஆயிடுச்சுன்னுட்டாங்க. அது கிடக்கட்டும். மிச்சப் பணம் யார்கிட்ட வாங்குறதுன்னு தெரியலை. உங்க மாமா 'இருங்க, வரேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

மாமா அதை மறந்து ஊருக்கே புறப்பட்டுப் போய்விட்டார்! அன்று மாலை பக்கத்து ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்குப் பெரியவர் வாசிக்க வேண்டும். போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

ஓடிப்போய்ப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "தங்கச்சி நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு எழுந்து நடந்தார். எனக்கு வெட்கத்தால் தலை நிமிரவில்லை.

முதல் தேதி கிடையாது

ஆபீசில் வேலை பார்ப்பவருக்கு முதல் தேதி வந்தால் சம்பளம் வருகிறது. உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, போனஸ் உண்டு. தனித்து வாழும் கலைஞருக்கு இவை எதுவும் இல்லை. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்ற சுதந்திரம் அவருக்கு உண்டு. அந்தச் சுதந்திரத்துக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது.

காலண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் செய்வதில்லை. மார்கழியில் கிடையவே கிடையாது. தை பிறந்தால் ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம்! பத்து வீட்டார் கூப்பிடுவார்கள். ஆனால் அவருக்கு இருப்பது ஒரு வாய். அவர் ஓர் இடத்தில்தான் வாசிக்க முடியும். மற்ற ஒன்பது வீட்டு வருமானமும் போனது போனதுதான். வேலை இல்லாத மாதங்களிலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு செய்ய வேண்டும்.

கிடைக்கும் தொகையும் ஒருவருக்கு உரியதன்று. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், சுருதி, தாளம் என்று பங்கு போக வேண்டும். வண்டிச் செலவும் அதிலேதான். "மேளத்துக்கு இவ்வளவா?" என்று நாம் மலைக்கும் தொகை, பங்கு பிரிந்து அவர் வீட்டுக்குப் போகும்போது சிறுத்துவிடுகிறது.

முன்காலத்தில் கோயில் மேளக் கலைஞர்களுக்கு மானிய நிலம் இருந்தது. காலையில் திருப்பள்ளியெழுச்சி முதல் இரவு அர்த்தசாமம் வரை வேளைக்கு வேளை வாசிப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். இன்று பல கோயில்களில் சுவரோரம் ஓர் இயந்திரம் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் தாமே ஒலிக்கின்றன. இயந்திரத்துக்குப் பசி இல்லை. ஆனால் அதற்குத் தோடியும் தெரியாது, கல்யாணியும் தெரியாது!

மூச்சுதான் முதல்

இந்தத் தொழிலுக்குப் போடும் முதல் என்ன? முதலில் மூச்சு. அடுத்தது வயது. ஏழு எட்டு வயதில் கற்கத் தொடங்கினால், சபையில் நிமிர்ந்து வாசிக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். விடியலில் எழுந்து சாதகம் செய்ய வேண்டும். வாசிக்காத நாளிலும் சாதகத்தை விட முடியாது. அதற்குக் கூலி தருபவர் எவரும் இல்லை.

கருவியைப் பாருங்கள். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதசுரம் கடைகிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளில் பல காலம் இருந்து நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். அதற்குக் கீழே ஐந்து துளைகள். அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரி செய்துகொள்கிறார்கள். இந்த ஊரின் நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் வகையைச் சேர்ந்த புல்லில் செய்வது. சிறு பொருள்தான். ஆனால் அது பிசகினால் பெரிய வித்துவானும் ஊத முடியாது. அதனால்தான் நான்கைந்து சீவாளிகளைக் கயிற்றில் கோத்து நாதசுரத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள்!

தவில் பலா மரத்தில் குடைந்தது. தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். ஒரு கை விரல்களில் கெட்டியான கூடு, மறு கையில் கழி. அந்த விரல்களை ஒரு நாள் தொட்டுப் பாருங்கள். அவர் பட்ட பாடு தெரியும்.

மானத்தோடு வாழ்ந்தவர்கள்

இவ்வளவு கஷ்டத்திலும் இந்தக் கலைஞர்கள் புதியன படைத்தார்கள்.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) அறியாத தமிழர் உண்டா? தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி! பழைய திமிரி நாதசுரம் குட்டையானது. உச்ச சுருதியில் ஒலிக்கும். கச்சேரிக்கு ஏற்ற நீண்ட பாரி நாதசுரத்தை அவர் விரும்பினார். அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேச வேண்டுமே! நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி முயன்று முயன்று அதைச் செய்து கொடுத்தார். இன்று நாம் கேட்கும் கம்பீரமான நாதம் ஒரு வித்துவானும் ஒரு தச்சரும் சேர்ந்து தந்த கொடை.

நாதசுரக்காரர் என்றால் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்ற வித்துவான்களைப் போல மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தார். கலைக்கு உள்ள மரியாதை கலைஞனுக்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இவருடைய நாதசுரம் போட்டி போடும். அந்தப் பாட்டு இன்றும் டீக்கடை வானொலிவரை ஒலிக்கிறது. வாசித்தவரோ 1964-லேயே மறைந்துவிட்டார்.

ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியின் மீது ஆசை கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து கற்றார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய சீடர்களான காலீஷாபி, ஷேக் மகபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாதசுரம் சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை, ஆண் பெண் என்று பார்க்கவில்லை. உழைப்பை மட்டுமே பார்க்கிறது.

இவர்கள் மலைச் சிகரங்கள். ஆனால் சிகரம் மட்டும் மலையாகிவிடுமா? நம் ஊர்க் கல்யாணத்தில் வாசிக்கும் பெயர் தெரியாத கலைஞர்கள் அல்லவா அடிவாரம்? அடிவாரம் சரிந்தால் நாளைக்குச் சிகரம் ஏது?

மேளம் நின்ற நாட்கள்

2020-ஆம் ஆண்டை மறக்க முடியுமா? கொரோனா நோய் பரவியதால் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பங்குனித் திருவிழா, சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம் என்று ஆண்டு முழுவதுக்கும் சம்பாதிக்கும் காலம் அதுதான். எல்லாம் நின்றது. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமே கோயிலுக்குள் சில சிவாச்சாரியார்களோடு நடந்தது. வீட்டுக் கல்யாணங்கள் நெருங்கிய உறவினரோடு முடிந்தன.

அப்போதுதான் பலருக்கு உண்மை தெரிந்தது. தனித்து வாழும் கலைஞருக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. ஒரு சீசன் போனால் ஒரு வருஷம் போயிற்று.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் கற்றுக் கொடுக்கிறார்கள். நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. இவை இன்னும் பெருக வேண்டும். கோயில்களில் இயந்திரம் இருக்கும் இடத்தில் மனிதர் வர வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இசைப் பள்ளியில் படித்து வரும் பிள்ளைக்கு வேலை கொடுப்பவர் யார்? கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கும்பாபிஷேகம் நடத்துகிற நாம்தான். அவருக்கு முதலாளி வேறு எங்கும் இல்லை. நீங்களும் நானும்தான் முதலாளிகள். நல்ல முதலாளியாக இருக்கிறோமா?

நாம் செய்யக் கூடியது

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம்.

பேசிய தொகையைக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் முன்பே ஒப்படையுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுங்கள். அவர் யாரையும் தேடி அலையக் கூடாது.

நேரத்தோடு அவர்களுக்கு இலை போடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஊதுகிறவர்கள். கடைசிப் பந்தியில் மிச்சம் இருந்தால் என்பது தமிழர் விருந்தோம்பல் ஆகாது.

அவர்கள் வாசிக்கும்போது ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது நாதசுரம் தனியே ஒலிக்கட்டும். குழந்தைகளை முன்னால் உட்கார வையுங்கள். "இது என்ன ராகம்?" என்று ஒரு குழந்தை கேட்டால், அந்தக் கலைஞரின் முகம் மலர்வதைப் பாருங்கள்!

கல்யாணம் தள்ளிப்போனால் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். உங்களுக்காக அவர் வேறு முகூர்த்தத்தை விட்டிருப்பார்.

"கல்யாணச் செலவே கழுத்தை நெரிக்கிறது. இதில் மேளத்துக்கு வேறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வசதி இல்லையென்றால் ஒரு நாதசுரம், ஒரு தவில் போதும். ஆளைக் குறையுங்கள்; கூலியைக் குறைக்காதீர்கள். மாலைக்குள் வாடிவிடும் பூ அலங்காரத்துக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். பிள்ளையிலிருந்து கற்ற வித்தைக்கு மட்டும் பேரமா?

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒத்துக்கொண்ட இடத்துக்கு நேரத்தில் வாருங்கள். கூடுதல் பணம் கிடைத்தது என்று ஏழை வீட்டு முகூர்த்தத்தைக் கைவிடாதீர்கள். மரியாதை இருபுறமும் வளர வேண்டிய பயிர்.

சென்ற ஆண்டு என் தங்கை வீட்டில் கிரகப்பிரவேசம். அந்தப் பெரியவரின் மகன் நாதசுரம் வாசித்தார். பூஜை முடிந்ததும் என் தங்கை முதல் வேலையாக இலை போட்டாள். "அண்ணே, நீங்க எல்லாரும் வந்து உட்காருங்க. மத்தவங்க அப்புறம்" என்றாள்.

மாமாவும் அங்கே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. தாமே சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாற வந்துவிட்டார்!

அடுத்த முகூர்த்தம் உங்கள் வீட்டில் இருக்கலாம். வாழ்த்துகிறோம். கெட்டிமேளம் முழங்கட்டும். முழக்கியவர் வயிறார உண்டு, மனம் குளிர வாழ்த்திப் போகட்டும்.